புத்தூரில் நின்றுபோன கல்யாணம்

வீட்டுக்கு வந்தால் தூங்க மட்டுமே தெரிந்த என் பாவாவுக்கு,

இது உங்கள் கைக்கு வந்து சேரும் என்று நான் நம்பவில்லை. நான் எதைத்தான் சுலபத்தில் நம்பியிருக்கிறேன்? இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரிடமாவது சொன்னால், போய்ச் சேர்ந்த புருஷன்மேல் இப்படியா கோபப்படுவது என்று கேட்பார்கள். இது கோபம் இல்லை. பொறாமை. அந்தச் சொல்லைப் பேச்சுவாக்கில் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதிவிடலாம்.

முதலில் வீட்டுச் சேதி. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்துவிட்டது. காவடிக்காரர்கள் உதிர்த்துவிட்டுப் போன பூவை நம் தெருவில் இன்னும் வாரிக்கொண்டிருக்கிறார்கள். மாடித் தொட்டியின் மூடியைக் குரங்கு மறுபடியும் கழற்றிவிட்டது. மேலே ஒரு பெரிய கல்லைத் தூக்கி வைத்திருக்கிறேன். நம் யாழினி ஓசூருக்கு, வேலைக்குத் திரும்பிவிட்டாள். போகும்முன் உங்கள் அறையின் கனமான திரையை அவளும் நானுமாகக் கழற்றினோம். அந்த அறைக்குப் பகலில் இவ்வளவு வெளிச்சம் வரும் என்று இத்தனை வருடம் எங்களுக்குத் தெரியாது.

அந்தத் திரைக்குப் பின்னால் நீங்கள் தூங்குவீர்கள். நாங்கள் மிக்ஸி போடமாட்டோம், டிவி வைக்கமாட்டோம். யாழினி சின்னவளாக இருந்தபோது கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பாள். எழுந்து வந்து காபி குடிப்பீர்கள். கல்லூரியில் இன்றைக்கு இப்படி நடந்தது என்று நான் ஏதாவது சொன்னால் "ஆங்" என்பீர்கள். அந்த ஆங்-கிற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் துருவியதில்லை. ரயில் ஓட்டுகிறவர், கண்ணும் மனசும் சிக்னலிலேயே இருந்துவிட்டு வருகிறவர், களைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அதிகம் பேசாதவள், நீங்களும் அப்படித்தான், பொருத்தம் சரி என்று கணக்கை முடித்துவைத்திருந்தேன். புள்ளியியல் பாடம் எடுக்கிறவள் கணக்கில் கோட்டை விட்டேன்.

அரக்கோணத்திலிருந்து சரக்கு வண்டியை ஜோலார்பேட்டையில் கொண்டுபோய் விட்டால், திரும்ப வண்டி கிடைக்கும்வரை அங்கே ரன்னிங் ரூமில் இருப்பீர்கள். லோகோ பைலட்டுகள் ஓய்வெடுக்கும் இடம் என்று எனக்குத் தெரியும். வரிசையாகக் கட்டில், மேலே மின்விசிறி, குறட்டை. என் கற்பனை அவ்வளவுதான். நீங்களும் அதைத் திருத்தவில்லை.

காரியத்தன்று உங்களோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஞானவேலும் மஸ்தான் பாயும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஞானவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி, நீங்கதானா அது?"

"எது?"

"இல்ல... அண்ணன் சொன்னதுக்கும் இதுக்கும்... ரொம்ப அமைதியா கீறீங்களே."

"துக்க வூட்ல வேற எப்டிய்யா இருப்பாங்க?" என்று மஸ்தான் பாய் அவர் தொடையைக் கிள்ளினார். "சும்மா இரு."

"பாட்டு பாடிகினேதான் சமைப்பாங்கன்னு அண்ணன் சொல்வாரு பாய். அதான் கேட்டேன்."

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாடி அவள் கேட்டதே இல்லை. நானே கேட்டதில்லை.

போன மாதம் மஸ்தான் பாய், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். காபி கொடுத்து உட்கார வைத்து, அங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். மனிதர் திறந்துவிட்ட குழாய்போலச் சொன்னார். படுத்து எழுந்ததும் ஒருவர் சாக்ஸ் துவைப்பாராம். ஒருவர் கேரம் பலகையை விட்டு நகரமாட்டாராம். மஸ்தான் பாய் தன் மகனின் பள்ளிக்கூடத்துப் படங்களையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் வரைந்து கொடுத்திருக்கிறார். ஆசிரியைக்கு இன்றுவரை தெரியாதாம். ஞானவேல் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, குழம்பு கொதிப்பதைக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்ப்பாராம்.

"எங்க வீட்டவரு?" என்றேன்.

"அண்ணனா? அண்ணன் இருந்தா கேரம் இல்ல, போன் இல்ல. சுத்தி உக்காந்துக்குவோம். உங்க கதைதான்."

"என் கதையா?"

"ஆமா. அண்ணி பிரின்சிபாலோட சண்ட போட்டது. ஆட்டோக்காரருக்கு மயக்கம் வந்து, அண்ணியே ஆட்டோவ மலைமேல ஓட்டிகினு போனது. ஐயோ, சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்கும் அண்ணி."

பாவா, நான் பிரின்சிபாலோடு சண்டை போட்டதில்லை. அன்றைய ஆசிரியர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சைக்கிளே சரியாக வராது.

இன்னொரு பெண் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு ஓர் ஊர் இருந்திருக்கும், ஒரு முகம் இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன். இவளுக்கு என் பெயர். என் கல்லூரி. என் மூக்குக்கண்ணாடி. ஆனால் பாடுகிறாள், சண்டை போடுகிறாள், போகிற இடமெல்லாம் ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறாள். உங்களிடம் இருந்த பேச்சையெல்லாம் ஜோலார்பேட்டையில் அவளுக்குச் செலவழித்துவிட்டு, வெறும் ஆங்-கோடு என்னிடம் வந்தீர்கள். நான் போதாது என்றுதானே அவளைச் செய்துகொண்டீர்கள்? நான் கட்டிக்கொடுத்த சாம்பாரை அவள் சமைத்தது என்று அவர்கள் புகழ்ந்தபோது, என் சாம்பார்தானே என்று உங்களுக்கு ஒரு நிமிடமாவது தோன்றியதா?

பாய் அங்கே இருக்கிற வழக்கம் ஒன்றையும் சொன்னார். கதை நடந்துகொண்டிருக்கும்போது யாருக்காவது வண்டி எடுக்க அழைப்பு வந்தால், கதை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அதே ஆட்கள் மறுபடி ஒன்றுசேரும்போதுதான் தொடரும். ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் முடிக்கக் கூடாது. அப்படி, உங்கள் கதை ஒன்று பாதியில் நிற்கிறதாம்.

"எது?"

"அதான் அண்ணி. நீங்க வண்டி மாறிப் புத்தூர் போனீங்களே."

எனக்குக் காது சுட்டது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் உங்களிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது.

அது என்ன பெரிய சங்கதி? அரக்கோணத்தில் கல்லூரி முடிந்து, கையில் புத்தகத்தோடு, கண்ணெதிரே நின்ற வண்டியில் ஏறினேன். அது திருத்தணியில் நிற்காத எக்ஸ்பிரஸ். ஜன்னல் வழியே மலை வந்தது, நம் தெருமுனை வந்தது, எல்லாம் போயேவிட்டது. லோகோ பைலட் பெண்டாட்டி, தன் ஊரில் நிற்காத வண்டியில் ஏறினாள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? புத்தூரில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெட்டியில் இருந்த ஒருவர் தெலுங்கில் ஏதோ கேலி பேசியது காதிலேயே இருந்தது. உங்களுக்குப் போன் அடித்தேன், திரும்பத் திரும்ப அடித்தேன். வண்டி ஓட்டும்போது அணைத்துவைத்திருப்பீர்கள் என்று தெரிந்தும் அடித்தேன். இருட்டும்வரை அங்கேயே இருந்துவிட்டுப் பேருந்தில் வந்தேன். மறுநாள் நீங்கள் வந்தபோது ஒரே வரியில் சொன்னேன். "ஆங்" என்றீர்கள்.

ரன்னிங் ரூமில் நடந்ததோ வேறு. அவள் புத்தூரில் இறங்கியதும் ஒரு கல்யாணக் கோஷ்டி சூழ்ந்துகொள்கிறது. பெண் வீட்டு உறவு என்று நினைத்து மண்டபத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அவள் சாப்பிடுகிறாள், பாடுகிறாள். விடிந்தால் முகூர்த்தம். கல்யாணப்பெண் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு, இந்த டீச்சரம்மா போய் மாப்பிள்ளையிடம் பேசினால்தான் வெளியே வருவேன் என்கிறாள். இவள் மாப்பிள்ளை அறைக் கதவைத் தட்டுகிறாள். அந்த நேரம் பார்த்து உங்களுக்கு அழைப்பு வந்துவிட்டது. "கதவு தெறந்துச்சு, மீதி அப்பறம்" என்று ஷூவை மாட்டிக்கொண்டு போனீர்களாம். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் ஒன்றுசேருவதற்குள் ஒரு நாள் திரைக்குப் பின்னால் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

போன ஞாயிறு பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு அரக்கோணம் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன். அவர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுவேன். கல்யாணமும் இல்லை, மண்டபமும் இல்லை, பெஞ்ச் மட்டும்தான். அவள் அன்றோடு ஒழிவாள். நீங்கள் எனக்கு மட்டும் மிஞ்சுவீர்கள். நீங்கள் பொய்யராகத் தெரிவீர்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். அவ்வளவு பொறாமை.

பெண்கள் பக்கம் உட்காரப் போனவளை ஞானவேல் வந்து மறித்தார்.

"இன்னா அண்ணி, இங்க வந்துட்டீங்க? நம்ம ஆளுங்கல்லாம் அங்க கீறாங்க. வாங்க வாங்க."

மேசையைச் சுற்றி உங்கள் கூட்டம். பிரியாணி வந்தது, தால்ச்சா வந்தது. யாரும் கை வைக்கவில்லை. பெண்ணின் தகப்பனான மஸ்தான் பாய்கூடப் பந்தி விசாரிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் ஞானவேல். "புத்தூர் கல்யாணம் நடந்துச்சா இல்லியா?"

"ஞானவேல், நான் புத்தூர்ல இறங்கி பெஞ்சில உக்காந்திருந்தேன்," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"ஜோலார்பேட்டைல எறங்கி போன ஆன் பண்ணாரு. அத்தினி தபா அடிச்சிகிறீங்க. அன்னிக்கி சாப்டவே இல்ல. வூட்டுக்குப் பேசுண்ணான்னேன். 'இன்னான்னு பேசறது? அவ அத்தினி தபா கூப்டப்ப நான் இல்லியே'ன்னாரு. அடுத்த தபா வந்தப்ப, நீங்க பெஞ்சில ஒண்டியா குந்திகினு இருந்தத சொன்னாரு. அப்பறந்தான் ஆரம்பிச்சாரு, எங்க வூட்டம்மா புத்தூர்ல எறங்கினா, எறங்கின ஒடனே ஒரு கோஷ்டி சூந்துகிச்சுன்னு."

என் கைக்குட்டை எங்கே போனதென்று தேடினேன்.

ஒண்டியாக விட்டதற்கு ஈடாக ஒரு மண்டபம் நிறைய ஆட்களை அனுப்பிவைத்தீர்களா, பாவா? இதற்கு என்ன ஆதாரம் என்று என் புத்தி கேட்கிறது. ஞானவேல் சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. உடனே நான் உருகிவிட்டேன் என்றும் நினைக்காதீர்கள். வருத்தத்தைக்கூட அவர்களிடம்தானே காட்டினீர்கள். சாப்பிடாமல் இருந்ததையாவது என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

அவர்கள் காத்திருந்தார்கள். நடந்தது பெஞ்ச் மட்டும்தான் என்று ஞானவேலுக்காவது தெரியும். தெரிந்தே கேட்கிறார். அப்படியானால் நான் போட்டுடைக்க என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால் அவளும் போவாள், உங்கள் குரலும் இந்த மேசையிலிருந்து போய்விடும். சொல்லாவிட்டால் அவள் இருப்பாள். என் பெயரோடு.

"கதவத் திறந்தது மாப்பிள்ளை இல்ல," என்றேன்.

ஞானவேல் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பின்ன?"

"மாப்பிள்ளையோட தம்பி. பட்டு வேட்டி கட்டி, மாலையும் போட்டுகிட்டு நிக்கறான்."

"அடப்பாவி! மாப்பிள்ள எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

சிரிப்பில் மேசை ஆடியது. பெண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்கள். மஸ்தான் பாய் தன் மாப்பிள்ளை இருக்கிற பக்கம் அவசரமாகத் திரும்பிப் பார்த்ததில் இன்னொரு சுற்றுச் சிரிப்பு. என் வாழ்நாளில் நான் சொல்லி இத்தனை பேர் சிரித்ததில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது.

"அப்பறம் அண்ணி?"

அப்போது ஞானவேலின் போன் அடித்தது. காதில் வைத்தார், சரி என்றார், எழுந்தார். அழைப்பு. பிரியாணி அப்படியே இருந்தது.

"அப்பறத்த மட்டும் சொல்லிடுங்க அண்ணி, வண்டில போய்கினே நெனச்சிக்குவேன்."

"கால் வந்தா கதை நிக்கணும்னு நீங்கதானே சொல்றீங்க?"

"அண்ணனுக்கு மேல கீறாங்கப்பா இவங்க," என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தும் பொறாமை போகவில்லை. குறையவில்லை என்றே சொல்வேன். நீங்கள் வருடக்கணக்கில் அனுபவித்த ஒன்றை நான் ஒரு பந்தி நேரம் அனுபவித்தேன்; இத்தனை நாள் எனக்கு ஒரு கைப்பிடியாவது எடுத்து வைத்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பெண்ணை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் செய்வேன். அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் பக்கத்தில் கொண்டுவருவேன். பாட்டைக் குறைப்பேன். இரண்டு பேர் பேசினால் நான்காவது வாக்கியத்தில் வாயைத் திறப்பவளாக ஆக்குவேன். அவர்களுக்குப் பிடித்தால் பிடிக்கட்டும். அடுத்து ஞானவேல் வீட்டுக் கிரகப்பிரவேசமாம். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கல்யாணம் எப்படி முடிகிறது என்று நேற்று விடைத்தாள் திருத்தும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல முடிவு. உங்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்கள் எல்லாரும் அதைக் கேட்பார்கள். உங்களுக்கு மட்டும் அதை நான் சொல்லப்போவதில்லை. இது சத்தியம்.

கொஞ்சம் நீங்களும் பொறாமைப்படுங்கள்.

உங்கள் மாமன் மகள்,
கோமதி