அம்மிக்குப் பிறகு வந்த பட்டடை

1997 ஓகஸ்ட் 9, சனி
கொல்லன் வேலை வகுப்பு இன்றோடு முடிந்தது. பூ அலங்கார வகுப்பில் இடமில்லை என்றதால் சேர்ந்தது. இப்போது சுத்தியலை விட மனமில்லை. சின்ன உலை ஒன்றும் வாங்கிவிட்டேன். சுட்ட இரும்பை வைத்து அடிக்கப் பட்டடைதான் இல்லை. கடையில் சொன்ன விலை — வேண்டாம், எழுதாமல் விடுகிறேன்.

இவர் கறாராகச் சொல்லிவிட்டார். "கமலம், ஸ்னோ கொட்ட முந்தி உருப்படியா ஒண்டு செய்து காட்டும். இல்லாட்டி கராஜ் என்ர காருக்கு."

ஓகஸ்ட் 17, ஞாயிறு
அம்மியில் வைத்து அடித்தேன். மூலை பெயர்ந்துவிட்டது.

ஓகஸ்ட் 18, திங்கள்
சம்பலில் கல் கடிபட்டது. இவர் என்னைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார். "அடிமேல் அடிச்சால் அம்மியும் நகருமெண்டுதான் சொன்னவை. உடையுமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!" சிரித்ததில் இவருக்குப் புரையேறியது. நல்லா ஏறட்டும்! ஸ்காபரோக் கடையெல்லாம் அலைஞ்சு வாங்கின அம்மி. வேணுமெண்டு உடைக்க எனக்கென்ன விசரே?

செப்டம்பர் 5, வெள்ளி
வேலையிடத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டும் பத்மநாதன் அண்ணையிடம் புலம்பினேன். "வண்டியின்ரை வளைஞ்ச போர்க் ஒண்டு ஸ்க்ராப்பிலை கிடக்கு, தங்கச்சி. பாரம் தூக்கின உருக்கு. உம்மடை அடிக்குப் பயப்பிடாது." போர்மனும் எடுத்துப் போகச் சொன்னார். அண்ணையே ஒரு முழத் துண்டாக வெட்டித் தந்தார்.

செப்டம்பர் 13, சனி
வாளியில் சீமெந்து குழைத்து, துண்டை நிமிர்த்தி நட்டேன். தூக்கித் தந்தது இவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க முனகல்.

செப்டம்பர் 20, சனி
நல்ல பட்டடையில் உருக்குக் குண்டைப் போட்டால் துள்ளும் என்று வகுப்பில் சொன்னார்கள். போட்டேன். துள்ளியது! இவரும் போட்டுப் பார்த்தார். பிறகு படியில், தரையில், உடைந்த அம்மியில் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "உதுதான் திறம்."

ஒரு மணித்தியாலமாகக் குண்டு என் கைக்கு வரவில்லை.

ஒக்ரோபர் 4, சனி
முதல் கொளுக்கி. கோணல். உருப்படி என்று இவர் ஒப்புக்கொள்வாரா? வாங்கிக்கொண்டு போனார்.

ஒக்ரோபர் 10, வெள்ளி
ஆயுதபூசை. வேலையால் வந்தால் கார் வெளியே நிற்கிறது. கராஜுக்குள் பட்டடை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப்பூ. பக்கத்தில் என் சுத்தியல். சுவரில் என் கோணல் கொளுக்கி, அதில் கார்ச் சாவி. கண் கலங்கிவிட்டது.

சுத்தியலை எடுக்கப் போனேன், இவர் தடுத்தார். "பூசையிலை வைச்சாச்சு. நாளைக்குக் காலமைதான் தொடலாம்!"

கை துறுதுறுக்கிறது. காருக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். வெளியே மழை. பொட்டு கரைந்து வழிகிறது. இவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.