மைப்பொட்டின் மேல் ஒட்டிய பட்டை

மே 19, செவ்வாய்

அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது! ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பகலில் குழந்தை பிரசன்னாவை என்னிடம் விட்டுப் போகிறேன் என்றாள். மாமா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "இவகிட்டயா? தண்ணி கேன்காரர் வந்தாலே கதவுக்குப் பின்னாடி போய் நிக்கிறா. குழந்தைக்கு ஒண்ணுன்னா வாயத் திறந்து யாரைக் கூப்பிடுவா? கிரெஷ்ல விட்டுடலாம் ஷர்மிளா."

ஒன்பதாவதோடு நின்றவள் நான். வகுப்பில் 'உள்ளேன்' சொல்லக்கூடக் குரல் வராது. ஆனால் பிரசன்னா என் தோளில்தான் தூங்குவான். அது போதாதா?

மே 23, சனி

பிரசன்னாவுக்குக் காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்தார். மாமா குளிர்ச்சிக்காக நெற்றியில் ஒட்டும் ஜெல் பட்டையும் வாங்கி வந்து நேரே ஃப்ரீசரில் வைத்தார். எடுத்தால் அப்பளம் மாதிரி விறைப்பு! வேறொன்றைப் பிரித்து அக்கா ஒட்டினாள், மைப்பொட்டின் மேலேயே. அழித்தால் கண் பட்டுவிடுமாம். கொஞ்ச நேரத்தில் பட்டை கழன்று கன்னத்தில் தொங்கியது. அதன் நடுவில் கறுப்பாய் ஒரு வட்டம். பட்டைக்குத் திருஷ்டி கழிந்தது என்று நானும் அக்காவும் சிரித்தோம். இன்னொன்றையும் அப்படியே ஒட்டினாள்.

மே 24, ஞாயிறு

அக்கா குளிக்கப் போயிருந்தா. மாமா மாடியில போன்ல. நான் கஞ்சி ஆத்திட்டுத் திரும்பினா, பிரசன்னா நெத்தியில பட்டையக் காணோம். கன்னம் உப்பியிருக்கு.

"மாமா! பட்டை வாயில!"

கத்தினது நானா? முனை உதட்டுக்கு வெளியே தெரிந்தது. பிடித்து இழுத்தேன். முழுசாக வந்தது. ஓ என்று அழுதான். அந்த அழுகை எவ்வளவு இனிப்பு!

எதிர்வீட்டுப் பத்மாக்கா ஓடி வந்தாள். "இன்னாடி, இந்தத் தொண்டைய இத்தினி நாளு எங்க வெச்சிருந்த? நீ கத்துன கத்துல வேலப்பன்சாவடில ஓடுற பஸ்ஸே நின்னுருக்கும்!"

மாமா மாடியிலிருந்து ஓடி வந்து, என் தோளில் கிடந்த பிரசன்னாவின் முதுகைத் தடவினார்.

மே 25, திங்கள்

மருந்துக் கடைக்கு நானே போனேன். தனியாக! வழியெல்லாம், பட்டை ஏன் கழலுது என்ற கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே. கடைக்கார அப்துல் ரசாக் அண்ணன் பட்டை வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்துச் சொன்னார்: "மை, தைலம் எதுவும் இருக்கக்கூடாது. ஈரம் போகத் துடைச்சுட்டு ஒட்டு. ஃப்ரீசர் வேணாம், கீழ்த்தட்டு போதும். தோல் சிவந்தா எடுத்துடு. ஒட்டிட்டு அந்தாண்ட போகாத, கூடவே இரு. இது சும்மா குளுகுளுன்னு இருக்கத்தான், காய்ச்சல் இறங்க டாக்டர் குடுத்த மருந்துதான்." பிறகு சிரித்தார். "எம்மாம் கேள்வி கேக்குறம்மா நீ!"

என்னையா சொன்னார்?

மே 27, புதன்

காய்ச்சல் போயே போச்சு. மைப்பொட்டு இப்போது உள்ளங்காலில். வெயிலில் வண்டி ஓட்டி வந்த மாமா தலைவலி என்று மிச்சமிருந்த பட்டையை ஒட்டிக்கொண்டு தூங்கினார். பிரசன்னா அதைப் பிய்க்கத் தவழ்ந்து போனான். தூக்கிக்கொண்டேன்.

ஜூன் 1, திங்கள்

அக்கா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். மாமா ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார்.

"ஏதாவது ஒண்ணுன்னா..."

"கத்துறேன் மாமா."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அப்புறம் காலிங் பெல். தண்ணி கேன்காரர். பிரசன்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.