பன்னிரண்டும் ஆண் சிப்பிகள்

அன்புள்ள அப்பா,

நேற்று போனில் ஒன்றைச் சொல்லவில்லை. பருவம் முடியும் இந்த வாரத்துக்குள் சிப்பிகள் முட்டையிடாவிட்டால் என் ஆய்வு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், ஊருக்கு வருவதும்தான். முழங்கால் வலி குறைந்ததா?

சிப்பி ஆணா பெண்ணா என்பது வெளியே தெரியாது. நம் மூளையில் மனநிலையைக் கவனிக்கும் அதே செரடோனினை ஊசியில் ஏற்றினால், விந்தோ முட்டையோ விடுகிறது. மனமே இல்லாத சிப்பிக்கு அது எதற்கு என்று யோசித்துக்கொண்டே பன்னிரண்டுக்குப் போட்டேன். பன்னிரண்டும் விந்து விட்டுத் தண்ணீரைப் பாலாக்கின. இளஞ்சிப்பிகள் பெரும்பாலும் ஆண் என்பதை மறந்து, சின்னதாகப் பொறுக்கியிருக்கிறேன்.

“எல்லாமே மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க! பொண்ணு எங்கம்மா?” என்று நான் வேலை செய்யும் சிப்பிப் பண்ணையின் மேலாளர் சிரித்தார்.

என் நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: இன்று பெரிய சிப்பிகளுக்கு ஊசி போட்டேன். மூன்று மணிக்கு ஒன்றே ஒன்று முட்டையிட்டது, லட்சக்கணக்கில்.