சிங்கத்தின் வாயை மூடிய அக்காவுக்கு

இக்கூடத்தில் கூடியிருக்கும் சீட்டு வாசிப்போரே! நம் வாசிப்பு ஓர் உயிரைக் கொன்றது. இன்று காலை நினைவுப் பூசையில் அந்தச் சாவை இறைவன் திருவுளம் என்று சொல்லி மூடிவிட்டீர்கள். நான் மூடமாட்டேன். இனி நான் பேசப்போவது இறந்தவரோடு, நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

அக்கா, நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாளில் இவர்கள் உங்கள் அலுமாரியைத் திறந்து, டாரட் என்னும் குறிபார்க்கும் படச் சீட்டுக்கட்டை வெளியே எடுத்தார்கள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் நீங்கள் பூசும் ஓடிக்கொலோன் மணம் எழுந்தது. கடற்படைத்தளத்து வெள்ளையதிகாரி ஒருவரின் மனைவி கப்பலேறும்போது உங்களிடம் விட்டுச்சென்ற கட்டு அது. அங்கே தட்டெழுத்தாளராய் இருந்த உங்களுக்கு அந்தத் தளம் மிச்சம் வைத்தது அது ஒன்றுதான். வெள்ளையர் போனதும் வேலை போயிற்று. கப்பலில் சமையலாளாய்ப் போன உங்கள் தம்பியும் திரும்பவில்லை.

நாம் குறி சொல்வோர் அல்லோம். நெடுங்காலம் வாசித்துத் தேர்ந்தபின், சீட்டுகளின் ஒளிமுகம் சலித்து, அவற்றின் நிழலைத் தேடத் தொடங்கியவர்கள். சாவுச் சீட்டிலும் இடிந்து விழும் கோபுரத்திலும் இருளைக் காண எவருக்கும் முடியும். ஒளி மிகுந்த சீட்டில் காண்பதே தேர்ச்சி என்பது உங்கள் கொள்கை. “ஞாயிறுச் சீட்டு வந்தா நல்லது எண்டு சின்னப்பிள்ளையும் சொல்லும். அந்த வெளிச்சத்தில ஆர் கண் கூசி நிக்கினம் எண்டு பாரும்,” என்பீர்கள். விண்மீனின் நிழல், கைகட்டிக் காத்திருக்கும் நம்பிக்கை. நீதியின் நிழல், தன்னை ஒருபோதும் தராசுத்தட்டில் வைக்காத நடுவர். மேடைதோறும் முழங்கித் திரிந்த நான், கைதட்டலுக்கு ஏங்கும் என்னை உங்கள் கூடத்துக் கதிரையில் அமர்ந்தே கண்டுகொண்டேன். அதற்கு நான் என்றும் கடப்பாடுடையேன்.

ஆனால் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தம் சீட்டின் நிழலைத் தாமே சொன்னபின் மற்றவர் அதை ஆழப்படுத்தலாம், மறுக்கலாகாது. அந்த வழக்கமே உங்களுக்குக் குழி தோண்டிற்று.

ஒருநாள் பிற்பகல் இக்கூடத்தில் உங்கள் மார்பில் ஒரு கட்டி இருப்பதாக வெட்கத்தோடு சொன்னீர்கள். சீட்டை எடுத்தீர்கள். ‘ஆற்றல்’ என்னும் சீட்டு வந்தது: சிங்கத்தின் வாயை வெறுங்கையால் மூடும் பெண். அதைப் பார்த்துச் சொன்னீர்கள்:

“தம்பிக்காக நான் அழவே இல்லை. வாயை மூடி மூடி வைச்ச துக்கம்தான் இஞ்ச கட்டியா நிக்குது. அழுதா கரைஞ்சிடும்.”

கூடம் நெகிழ்ந்தது. ஒருவர், தாய்மையின் அடைபட்ட பால் அது என்றார். இன்னொருவர், பிரிந்த கடலின் உப்பு என்றார். எத்தனை அழகான சொற்கள்! என்னால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, சிங்கத்துக்கு உங்கட துக்கம் தெரியாது. அது கடிக்கும். வாங்கோ, நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போவம்.”

“மேடைக்காரிக்குச் சிங்கத்தைக் கண்டாலே ஆகாது,” என்றீர்கள். நாட்டுக் கொடியில் வாளேந்தி நின்ற சிங்கத்தை நான் மேடைகளில் வசைபாடியதை எல்லாரும் அறிவர். கூடமே குலுங்கிச் சிரித்தது. “நீர் என்னையும் ஊர்வலத்தில கொண்டுபோகப் பாக்கிறீர். எனக்கு ஏலாது பிள்ளை.”

நானும் விடவில்லை, கிழமைதோறும் கேட்டேன். கிழமைதோறும் நீங்கள் அழுதீர்கள். கட்டி கரையவில்லை. ஆயிரம் பேரைத் தெருவில் இறக்கத் தெரிந்த என் நா, ஒரே ஒருவரை இரண்டு தெரு நடத்திச் செல்ல உதவவில்லை. வலி உங்களைப் படுக்கையில் தள்ளியபிறகே கொழும்புப் பெரியாசுபத்திரிக்குத் தொடர்வண்டி ஏறினோம். மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “ஏன் இவ்வளவு காலம் வைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?”

திரும்பி வருகையில் சன்னலோரம் சாய்ந்திருந்தீர்கள். “நிழலையே பாத்துப் பாத்து, அது விழுற உடம்பை மறந்துபோனன்,” என்றீர்கள். பிறகு, “கூட்டத்தில சொல்லிப்போடும்,” என்றீர்கள். வேறெதுவும் நீங்கள் என்னிடம் கேட்டதில்லை.

சொன்னேன் அக்கா. நீங்கள் படுத்திருந்தபோதே சொன்னேன். ‘ஆழமான நிழல்’ என்று தலையசைத்து, அதையும் ஒரு வாசிப்பாக்கிக்கொண்டார்கள். குச்சவெளியிலிருந்து பேருந்தில் வரும் ஆசிரியர் இதோ என்னெதிரே இருக்கிறார். இருமும்போது அவர் கைக்குட்டையில் குருதி படிகிறது, நானே கண்டேன். சென்ற சனிக்கிழமை உங்கள் கட்டிலிருந்தே அவருக்குத் துறவிச் சீட்டு வந்தது. சொல்லாமல் விழுங்கிய சொல் தொண்டையை அறுக்கிறது என்று அவரே சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு எஞ்சியது அந்தத் தொடர்வண்டிச் சொல் மட்டுமே. அதைச் சுமந்து திரிகிறேன். இறக்கிவைக்க ஒரு செவி இல்லை. இவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

ஆயினும் கேட்கிறேன். சீட்டு வாசிப்போரே, அந்தக் கட்டைக் கீழே வையுங்கள். ஆசிரியரே, எழுந்திருங்கள். இருவர் அவர் கையைப் பிடியுங்கள். மருத்துவமனை இரண்டு தெருவுக்கு அப்பால் இருக்கிறது. என் பேச்சு முடிந்ததும் கைதட்டவேண்டாம், நடவுங்கள். இப்போதே!