ஈரச் சட்டை

என் வாலுக்கு,

நாளைக்குப் பேப்பரில் என் பெயர் வரும். நீ அதைப் படிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான்.

கொலை வழக்கு ஒன்றில், பிடிபட்டவன் வீட்டில் ரத்தக்கறையோடு ஒரு சட்டை கிடைத்தது. நல்ல ஈரம். ஈரத் துணியை நிழலில் உலர்த்தி, காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் புழுங்கிப் பூசணம் பிடித்துவிடும். தடயம் சேகரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துகிறவனே நான்தான். அன்றைக்குப் பிளாஸ்டிக் பையில் திணித்து, சீல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆய்வகத்தில் பிரித்தபோது பூசணம்தான் மிச்சம்.

அதைவிட்டால் வேறு தடயம் இல்லை. நேற்று அவனை விடுதலை செய்துவிட்டார்கள்.

கோர்ட் வாசலில் செத்தவனின் மனைவி என்னிடம் வந்தாள். "ஒரு நாள் காய விட்டிருந்தா போதுமாமே சார். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

பேப்பரில் சட்டையை எடுத்த தேதியும் போடுவார்கள். அது உன் நாடகம் மேடையேறிய நாள். "ஒரு தடவையாவது வாங்கப்பா" என்றுதான் நீ கேட்டாய். சட்டையைப் பையில் திணிக்கச் சொன்னது நீ இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

முதல் வரிசையில் என்னைக் கண்டதும் வசனத்தை மறந்து சிரித்தாயே, அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்த
உன் அப்பா