அப்பா லேப்டாப்பில் வளைந்த கோடு

அன்பு மகள் பட்டாணிக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவும் நலம் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அடுப்படியில் நான் முணுமுணுத்தால்கூட முன்னறையிலிருந்து பதில் வருகிறது. அவர் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து மூன்று நாளாக எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

லேப்டாப் கெட்டுவிட்டது என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தாரே, அங்கிருந்து தொடங்குகிறேன். வீட்டு பிளான் வரையும்போது திரையின் நடுவில் கோடு வளைகிறது, சுவரெல்லாம் நெளிகிறது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறை தெரிகிறது என்றார். நானும் ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். நேராத்தானேங்க இருக்கு என்றேன். முப்பத்தெட்டு வருஷமா கோடு போடறவன் நான், ஒரு சட்டை பட்டனை நேரா தைக்க வராது உனக்கு, நீ சொல்ல வந்துட்டியா என்று ஒரே போடாகப் போட்டார். அதுவும் உண்மைதானே, நான் தைத்த பட்டன் எது ஓட்டைக்கு நேராக வந்திருக்கிறது. அதனால் என் கண்ணைத்தான் நான் சந்தேகப்பட்டேன். நீயும் கேட்டுவிட்டு, திரைக்குப் படம் அனுப்பறதே வீடியோ கார்டுதாம்பா, அது போயிருக்கும், மாத்திடுங்க என்றாய். உன் மேல் தப்பில்லை, அவர் சொன்னதை வைத்துத்தானே நீ சொன்னாய்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனோம். பழைய தடிமனான லேப்டாப் என்பதால் கார்டைத் தனியாகக் கழற்ற வருமாம், இப்போது வருவதில் பலதும் உள்ளே பலகையோடு சேர்ந்தே இருக்குமாம். எனக்குப் படம் நல்லாத்தான் தெரியுதுங்க ஐயா என்று அந்த மனிதரும் சொன்னார். உங்களுக்கும் என் பொண்டாட்டி கண்ணுதான் போல என்றார் அப்பா. அப்படியே கார்டுக்குச் சொல்லிவிட்டு வந்தோம். கார்டு கிடைக்கவே ஆறு வாரம், வந்தது பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பி இன்னொன்று வர இன்னும் ஆறு வாரம். நடுவில் ஒரு மாடிப்படி பிளானில் ஒரு படியையே காணோம் என்று மேஸ்திரி வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். பாழாப்போன கார்டு என்று அதன் மேலேயே அப்பா பழியைப் போட்டார், நானும் ஆமாம் போட்டேன்.

கார்டு மாற்றும் அன்று கூடவே இருப்பேன் என்று அப்பா அடம். மிக்ஸியைப் பிரித்தாலும் முதலில் படம் வரைந்து, எந்தத் திருகாணி எங்கே என்று குறித்துக்கொண்டுதானே பிரிப்பார், அதே மாதிரி லேப்டாப்பின் அடிப்பக்கத்தையும் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். ரிப்பேர்க்காரர் திறந்து, விசிறியில் கம்பளி மாதிரி அடைந்திருந்த தூசியை எடுத்து, சூட்டைக் கடத்தத் தடவியிருந்து காய்ந்துபோன பசையைத் துடைத்து, பழைய கார்டைக் கழற்றிப் புதியதை வைத்தார். திரும்ப மூடும்போது அப்பாவின் காகிதத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓரத்துத் திருகாணி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கிறது, நடுவில் இருக்கும் ஐந்தில் ஒன்றைக்கூட அப்பா குறிக்கவில்லை. ரிப்பேர்க்காரர் என்னைப் பார்த்தார். லேப்டாப்பைப் போட்டால் அப்பாவுக்கு அதே வளைவு. இந்தக் கார்டும் ஓட்டை என்று சத்தம் போட்டார். ரிப்பேர்க்காரர் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஐயா, இது நேரா இருக்குதா பாருங்க என்றார். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலால் அதன் விளிம்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவினார். கீழே வைத்துவிட்டு, வா போலாம் என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்த கண் டாக்டரும் கட்டம் போட்ட ஒரு தாளைத்தான் காட்டினார், அதிலும் நடுவில் கோடு வளைகிறது என்றார் அப்பா. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம், அது இனி வராதாம். இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது, மாதா மாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டு இருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார். மூணு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அந்த மூன்று மாதமும் நாங்கள் கார்டுக்குக் காத்திருந்தோம் பட்டாணி. நேராகத்தான் இருக்கிறது என்று நான் இரண்டாம் தடவை சொல்லியிருந்தால், சண்டை போட்டாவது சொல்லியிருந்தால் என்று நினைத்து நினைத்து நெஞ்சு வேகிறது. நல்ல கார்டை எடுத்துவிட்டு நல்ல கார்டை வைத்திருக்கிறோம். இப்போது அப்பா பிளான் வேலை எதுவும் வாங்குவதில்லை. காலையில் லேப்டாப்பைத் துடைத்து மேசையில் வைக்கிறார், சாயங்காலம் எடுத்துப் பையில் போடுகிறார், அவ்வளவுதான்.

உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இப்பத்தான் வேலையில நிலைச்சிருக்கா, கேட்டா விட்டுட்டு ஓடி வந்துடுவா என்கிறார். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், அப்பா ஏம்மா என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறார், ஜன்னலைப் பார்த்துக்கிட்டே பேசறார், என் மேல கோபமா என்று கேட்டாயே, அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. பச்சைச் சட்டை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னதுகூட நான் முன்கூட்டியே காதில் ஓதியதுதான். கோபமெல்லாம் இல்லையடி. நேராகப் பார்த்தால் உன் முகம் இருக்கும் இடத்தில் வெறும் கறைதானாம். முகத்தைத் திருப்பினால்தான் ஓரக்கண்ணில் நீ தெரிகிறாயாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, வருஷத்துக்கு ஒரு தரம் நீங்கள் இருவரும் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டே பேசாமல் வெளிச்சமாக ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசு. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினால் ஒன்றும் கேட்காதே, கொஞ்சம் சிரி. அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
பட்டன் தைக்கத் தெரியாத உன் அம்மா