வாசலை விட உயர்ந்த தெரு

ஆகஸ்ட் 4

அன்புள்ள நெட்டையனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கணுக்கால் தண்ணீரில் நிற்பதை நலம் என்று சொல்லலாமானால், நலம்தான். உன் மனைவியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். போனில் பேசலாம் என்றால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, உனக்கு மீட்டிங் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மழையில் மெத்தைக் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விடுதிக்காரருக்கென்று தைத்து வைத்திருந்த மெத்தைகளும், கீழே கிடந்த பஞ்சு மூட்டைகளும் போயின. நனைந்த பஞ்சை எவ்வளவு காயவைத்தாலும் வாடை போகாது. உன் அத்தான் மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். "இன்னொரு மழை இப்படி வந்தா கடையை மூடிடலாம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

நாங்கள் கடை வாங்கிய புதிதில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வருவோம், நினைவிருக்கிறதா? இப்போது ஒரு படி இறங்குகிறோம். கடை தாழவில்லை. உங்கள் ஆபீஸ்தான் வருஷா வருஷம் பழைய தார் மேலேயே புதுத் தாரைக் கொட்டித் தெருவைத் தூக்கிவிட்டது. நான் கட்டுகிற வரிக்குக் குழி விழாத ரோட்டின் மேல் இன்னொரு ரோடு கிடைக்கிறது. வேண்டாம் என்றாலும் விடமாட்டேன் என்கிறீர்கள்.

இந்த முறையும் போடப் போகிறார்களாம். எங்கள் பகுதிக்கு நீதான் இன்ஜினியர். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது படித்தேன். டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அத்தானிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

கோபப்படாமல் கேள். நீ ரோட்டை மட்டும் பார்க்கிறாய். குழாயில் வருகிற தண்ணீர், நீ கடை மூடும்போது எரிகிற தெருவிளக்கு, உன் பெண் குறைமாதத்தில் பிறந்தபோது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்த ஆஸ்பத்திரி, இதெல்லாம் எதிலிருந்து வந்தது? உங்கள் தெருவே சேர்ந்து கட்டுகிற வரி அந்தப் பெட்டியின் ஒரு காலுக்குக்கூடக் காணாது.

ரோட்டு விஷயத்தில் நீ சொல்வது நியாயம்தான். ஆனால் சுரண்டுவதற்கு நாள் பிடிக்கும். ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், மறு ஆண்டு குறைத்துத்தான் கொடுப்பார்கள். எங்கள் ஆபீஸில் மிச்சம் பிடிக்கிறவனுக்குத்தான் திட்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இப்படித்தான் இருந்தது.

ஆனாலும் நீ நனைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வெளியே சொல்லிக்கொள்ளாதே.

உன்
நெட்டையன்


செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஏற்பாடு வந்து சேர்ந்தது. சுரண்டுகிற இயந்திரம் தெருமுனையில் இறங்கி, அத்தனை கடைகளையும் தாண்டி வந்து, நம் வாசலில் மட்டும் சுரண்டிவிட்டுப் போனது. பக்கத்துக் கடிகாரக்காரர், "உங்க தம்பிக்கு உங்க மேல உசுருங்க" என்றார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மற்ற இடமெல்லாம் வழக்கம்போல் மேலே மேலே தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். தெரு முழுவதும் மேடு, நம் வாசல் மட்டும் பள்ளம். நேற்று பெய்த மழையில் தெருத் தண்ணீர் மொத்தமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, நம் கடையை நிறைத்து, கடிகாரக்காரர் கடைக்குள்ளும் வழிந்தது. அங்கே இதுவரை ஒரு சொட்டு ஏறியதில்லை. பழுதுபார்க்க வந்திருந்த கடிகாரங்கள் எல்லாம் அவருடைய கீழ் டிராயரில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"அங்க மட்டும் யார் சொல்லிச் சுரண்டினாங்க?" என்று தெருவில் கேட்டார்கள். "என் தம்பிதான்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவரும் வரி கட்டுகிறவர்தானே, தம்பி. நான் உன் அக்காவாக வரி கட்டவில்லை, இந்தத் தெருக்காரியாகக் கட்டுகிறேன். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று வைத்தால் வெண்ணெய் வைத்த கண்ணும் எரியத்தான் செய்கிறது. கண்ணாடிப் பெட்டியை நான் மறக்கவில்லை. என் பெண்ணை அதில் வைத்தபோது, நான் யாருக்கு அக்கா, யாருக்கு வேண்டியவள் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அதனால்தான் வரி கட்டும்போது எனக்கு மனசு வலித்ததே இல்லை. இப்போது வலிக்கிறது.

முழுத் தெருவையும் சுரண்டிப் போடச் சொல்லி எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. யாரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். மனு உன் மேஜைக்குத்தான் வரும். நடந்தது தப்பு என்று ஒரு வரி எழுது. அதற்காக உனக்கு என்ன வந்தாலும் அக்கா நான் உன்கூட நிற்பேன்.

உன் அக்கா


அக்டோபர் 21

பொருள்: சாலை மட்டம் உயர்ந்தது குறித்த புகார்

அம்மையீர்,

தங்கள் மனு ஆய்வு செய்யப்பட்டது. சாலைப் பணி விதிமுறைகளின்படியே முடிக்கப்பட்டுள்ளது. எந்தத் தனிநபருக்கும் சலுகை வழங்கப்படவில்லை. மனுதாரரின் கட்டடத் தரைமட்டம் தாழ்வாக இருப்பதே நீர் புகுவதற்குக் காரணம் எனத் தெரியவருகிறது. எனவே மனுதாரர் தமது சொந்தச் செலவில் தரைமட்டத்தை உயர்த்திக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார். மனு முடித்துவைக்கப்படுகிறது.

உதவிச் செயற்பொறியாளர்


நவம்பர் 30

மதிப்பிற்குரிய உதவிச் செயற்பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து எனக்குப் பழக்கமானது என்பதால் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தெருவில் படித்துக் காட்டச் சொன்னார்கள். பாதியில் தாளை நீட்டிவிட்டேன். மீதியைக் கடிகாரக்காரர் படித்தார்.

தாங்கள் அறிவுறுத்தியபடி கடைத் தரையை உயர்த்திவிட்டோம். கொத்தனார் வந்ததோடு கடிகாரக்காரர் கடையையும் சேர்த்தே செய்தோம். என் வீட்டுக்காரர் கடையை மூடுகிற பேச்சை விட்டுவிட்டார். மனு இப்போது தங்களுக்கு மேலே இருக்கிறவருக்குப் போயிருக்கிறது. அதிலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான். இந்த ஆண்டு வரியையும் கட்டிவிட்டேன். கண்ணாடிப் பெட்டியில் இன்றைக்கும் யார் வீட்டுப் பிள்ளையாவது படுத்திருக்கும்.

ஒரே ஒரு சங்கடம். தரையை உயர்த்தினோமே தவிர வாசல் நிலையை உயர்த்த எங்களுக்கு வசதி இல்லை. உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் என் தம்பி ஒருவன் வேலை பார்க்கிறான். நல்ல உயரம். அவன் எப்போதாவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், தலையில் இடித்துக்கொள்ளாமல் பார்த்து வரச் சொல்லவும்.

இப்படிக்கு,
வரி செலுத்துபவர்,
மெத்தைக் கடை